காகிதத்துக்கும் ஒரு திசை உண்டு

தில்லியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்றால் சாவ்ரி பஜாருக்குத்தான் போக வேண்டும். சென்னைக்கு ஆண்டர்சன் தெரு, ஹைதராபாத்துக்கு சத்தா பஜார் என்பது போல. 2005-ல் மெட்ரோ ரயில் வந்த பிறகு போய்ச் சேருவது சுலபம். பூமிக்கு அடியிலிருந்து மேலே ஏறி வந்தால் சைக்கிள் ரிக்ஷாக்களும் தலைச்சுமையாகப் போகும் காகிதக் கட்டுகளும் நம்மை இடித்துக்கொண்டு நகரும். பித்தளைச் சாமான் கடைக்கும் குழாய் விற்கும் கடைக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஜரிகை மின்ன, வரிசையாகப் பத்திரிகைக் கடைகள்.

சென்ற குளிர்காலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, நான் அங்கே ஒரு சிநேகிதியின் மகளோடு போனேன். தில்லியில் பிறந்து ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த பெண். மாப்பிள்ளை ஜெய்ப்பூர்க்காரர். பத்திரிகை மூன்று மொழியில் வர வேண்டும். தமிழும் ஹிந்தியும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. மொழிபெயர்ப்பாளருக்குக் கூலியில்லாத வேலை எப்போதும் காத்திருக்கும்.

கடைக்காரர் கனமான ஆல்பத்தைப் புரட்டினார். பல்லக்கு, யானை, மயில், எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையார். விலை சொல்லி முடித்ததும் பேனாவை எடுத்தார். "பெண்ணின் அப்பா பெயர்?"

"அப்பா இல்லை. அம்மாதான் அழைக்கிறார்கள்" என்றாள் பெண்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மா பெயர், அதற்குக் கீழே ‘தர்மபத்னி ஸ்வர்கீய ஸ்ரீ’ என்று போட்டு அப்பா பெயர். சரிதானே?" என்று எழுதத் தொடங்கினார். அவர் அப்படி எத்தனையோ பத்திரிகை அடித்தவர்.

சிக்கல் சாவ்ரி பஜாரில் இல்லை. வீட்டில் இருந்தது. அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் என் சிநேகிதி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "என் பேரெல்லாம் எதுக்கு? திருச்சி அண்ணா பேரைப் போடு. மாமா அழைக்கிற மாதிரி இருக்கட்டும். ஊர்ல நாலு பேர் பேசற மாதிரி வேண்டாம்."

அவளுக்குக் கணவர் போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. கருணை அடிப்படையில் கிடைத்த குமாஸ்தா வேலையில் சேர்ந்து, பெண்ணைப் படிக்க வைத்து, இந்தக் கல்யாணத்துக்கு மண்டபத்திலிருந்து மாலை வரை பணம் கட்டியவள் அவள். பத்திரிகையில் மட்டும் அவள் இருக்கக் கூடாதாம். இதைச் சொன்னது ஊர் இல்லை, அவளேதான்.

பெண் பதில் பேசவில்லை. மறுநாள் என்னைப் போனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, கடையில அடிக்க வேண்டாம். நானே செய்யப்போறேன். அட்டை வாங்கி, அச்சடிச்சு, மடிச்சு, எல்லாம் நாமே. நீங்க கூட இருப்பீங்கதானே?"

நானும் பத்திரிகைக்காரிதான், இரண்டு அர்த்தத்திலும் ஆகட்டுமே என்று சரி சொல்லிவிட்டேன்.

*

பத்திரிகை என்பது வெறும் தகவல் என்றால் இந்தப் பேச்சே வந்திருக்காது. தேதியும் இடமும் சொல்ல வாட்ஸ்ஆப் போதும். அதிலும் இப்போது எச்சரிக்கை வேண்டும். பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பைத் திறந்தால் போனில் உள்ளது பறிபோகும் என்று 2024-ல் போலீசார் எச்சரித்தார்கள்.

அச்சடித்த பத்திரிகைக்கு வேறு மரியாதை. ராஜஸ்தானில் மஞ்சள் தடவிய அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்து அழைக்கும் பழக்கம் உண்டு. ‘பீலே சாவல்’ என்பார்கள். முதல் பத்திரிகை ரண்தம்போர் கோட்டையில் இருக்கும் முக்கண் பிள்ளையாருக்கு. நேரில் போக முடியாதவர்கள் தபாலில் அனுப்புகிறார்கள். பிள்ளையாருக்குக் கட்டுக்கட்டாகத் தபால் வருகிறது. நம் பக்கத்தில் குலதெய்வத்தின் முன் வைத்துவிட்டு, பிறகு குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போகிறோம்.

சட்டத்துக்கும் அது ஓர் ஆவணம். திருமணத்தைப் பதிவு செய்யப் போனால் பல இடங்களில் பத்திரிகையும் கேட்கிறார்கள். ராஜஸ்தானில் அட்சய திருதியை நெருங்கும்போது, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க, மணமக்களின் வயதுச் சான்றைப் பார்க்காமல் பத்திரிகை அடிக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகங்கள் அச்சகங்களுக்கு உத்தரவு போட்டதுண்டு. அச்சில் ஏறிய பெயருக்குப் பொறுப்பு உண்டு என்பதுதான் இதன் பொருள். யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் ஏறவில்லை என்பது அப்புறம் எப்படிச் சின்ன விஷயம் ஆகும்?

*

கையால் செய்வது என்று முடிவானதும் அட்டை தேடினோம். காகிதக் கடையில் முதலில் கேட்கும் கேள்வி ‘எத்தனை ஜிஎஸ்எம்?’ என்பதுதான். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு அது. நாம் எழுதும் சாதாரணத் தாள் 70 அல்லது 80. பத்திரிகை அட்டைக்கு 220-லிருந்து 300 வரை பார்க்கலாம். 200-க்குக் கீழே போனால் மேஜையில் நிற்காமல் சாய்ந்துவிடும். 300-க்கு மேலே போனால் மடிப்பு முறுக்கிக்கொள்ளும்.

தபால் கணக்கையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. கடிதக் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படி ஏறுகிறது. மடித்தால் 5 அங்குலத்துக்கு 7 அங்குலம் வரும் அட்டை, விரித்தால் 10-க்கு 7. 250 ஜிஎஸ்எம் என்றால் அதன் எடை 11 கிராமுக்குச் சற்று மேல். கொஞ்சம் தடித்த தாளில் செய்த உறை சுமார் 7 கிராம். மொத்தம் 18, 19-க்குள் அடங்கும். அதே அட்டையை 300-ல் எடுத்தால் 13.5 கிராம், உறையோடு 20-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் கூடுதல் தபால் தலை. கைக்குக் கனமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு வரி அது. சமையலறைத் தராசில் ஒரு மாதிரியை நிறுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிறவள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும்.

பெண்ணுக்கு அரக்கு நிறம் பிடித்திருந்தது. ஆலையில் செய்த அட்டை, தாள் 23-க்கு 36 அங்குலம். கடைக்காரர் ஒரு தாளுக்கு 9 அட்டை வரும் என்றார். நான் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கணக்குப் போட்டேன். 23-ல் இரண்டு பத்து, 36-ல் ஐந்து ஏழு. ஆக 10 வருமே! 300 பத்திரிகைக்கு 34 தாள் எதற்கு, 30 போதுமே! அவர் ஏதோ சொல்ல வந்தார். பழைய தில்லியில் எது சொன்னாலும் அதில் வியாபாரம் இருக்கும் என்ற என் முன்முடிவு காதை அடைத்துவிட்டது. அங்கேயே வெட்டும் எந்திரத்தில் கொடுத்து 300-ம் வெட்டி வாங்கி வந்துவிட்டோம்.

வீட்டில் முதல் அட்டையை மடித்தோம். மடிப்பு நெடுக வெள்ளையாக வெடித்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவதும் அப்படியே. அரக்கு நிறத்தில், நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு.

காகிதத்துக்கு ஒரு திசை உண்டு. ஆலையில், கூழ் ஓடும் சல்லடை மேல் விழும்போது இழைகள் பெரும்பாலும் ஓட்டத்தின் பக்கமாகவே படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசையோடு மடித்தால் இழைகள் விலகி இடம் கொடுக்கும். குறுக்கே மடித்தால் முறியும். மேலே சாயமோ பூச்சோ இருந்தால் முறிவு இன்னும் பளிச்சென்று தெரியும். எங்கள் தாளில் இழை 23 அங்குலப் பக்கமாக ஓடியிருக்கிறது. 9 அட்டை வரும்படி வெட்டியிருந்தால் மடிப்பு இழையோடு வந்திருக்கும். அதைத்தான் அந்த மனிதர் சொல்ல வந்திருக்கிறார். நான்கு தாளை மிச்சம் பிடிக்கப் போய் முப்பதையும் தொலைத்தேன்.

திசை பார்ப்பது ஒன்றும் வித்தையில்லை. தாளை வெட்டாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாக இழை ஓடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டை ஒரு பக்கம் மட்டும் ஈரமாக்குங்கள். அது சுருண்டு குழாயாகும். குழாயின் நீளம் எந்தப் பக்கமோ, அதுதான் திசை. கிழித்துப் பார்த்தாலும் தெரியும்; இழையோடு கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். மடிப்பு எப்போதும் இழைக்கு இணையாக இருக்கட்டும். தாள் இரண்டு கூடினாலும் பரவாயில்லை.

*

அந்த அட்டைகளைப் பார்த்துப் பெண் அழவில்லை. சிரித்தாள். "ஆன்ட்டி, அடுத்த வாரம் ஜெய்ப்பூர் போறேன். சாங்கானேர் பக்கம்தானே? அங்கேயே கைக் காகிதம் பார்க்கலாம்."

சாங்கானேர் ஜெய்ப்பூரின் தெற்கு ஓரம். விமான நிலையமே அங்கேதான். துணியில் மரக்கட்டை அச்சுக்குப் பேர்போன ஊர். காகிதம் செய்வதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட காக்ஸி சமூகத்தினர் அங்கே இருக்கிறார்கள். ‘காகஸ்’ என்றால் காகிதம், தொழிலே பெயராகிவிட்டது.

அந்த ஊரில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. மத்திய அரசின் கைக் காகித ஆராய்ச்சி நிலையத்துக்குக் குமரப்பாவின் பெயர். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாதான். கணக்காயராக இருந்தவர், காந்தியோடு சேர்ந்து, 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களில் காகிதத்தையும் மீட்க வேண்டும் என்று முனைந்தவர்கள் அவர்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் காகிதம் புதிதில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக் காகிதக் கூடம் 1959-லிருந்து நடக்கிறது.

கைக் காகிதத்துக்கு மரம் வெட்ட வேண்டாம். பனியன் தைக்கும்போது விழும் பருத்திக் கத்தரிப்புகள்தான் மூலப்பொருள். அந்தக் குவியலைப் பார்த்ததும் எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்தது. பொத்தானும் நைலானும் பொறுக்கி எடுத்து, துண்டாக்கி, தண்ணீரில் மணிக்கணக்காக அரைத்துக் கூழாக்குகிறார்கள். தொட்டியில் கூழ் பால் போல மிதக்கிறது. இரண்டு பேர் சல்லடைச் சட்டத்தை முக்கித் தூக்கி லேசாக ஆட்டுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் மெல்லிய ஒரு படலம். அதைத் துணி மேல் கவிழ்த்து, அதன் மேல் இன்னொரு துணி, இன்னொரு தாள். அடுக்கை அழுத்திப் பிழிந்து, கொடியில் காயப்போட்டு, உருளைகளுக்கு நடுவே விட்டு வழவழப்பாக்குகிறார்கள்.

எங்கள் புண்ணுக்கு மருந்து அந்த ஆட்டலில் இருந்தது. கையால் தூக்கி எல்லாப் பக்கமும் ஆட்டுவதால் இழைகள் ஒரே திசையில் படுப்பதில்லை; குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்கின்றன. எந்தப் பக்கம் மடித்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உருளை எந்திரத்தில் எடுத்த ‘கைக் காகிதம்’ என்றால் திசை கொஞ்சம் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

தாள் 22-க்கு 30 அங்குலம். மறுபடி கணக்கு. இந்த முறை கடைக்காரரைக் கேட்டுக்கொண்டே போட்டேன். 30 அங்குலத்தில் மூன்று பத்து காகிதத்தில் சரியாக வரும். ஆனால் கைக் காகிதத்தின் ஓரம் பிசிறு பிசிறாக, நேராக இல்லாமல் இருக்கும். அதைக் கொஞ்சம் சீவ வேண்டும். அதனால் அட்டையின் அகலத்தைக் கால் அங்குலம் குறைத்து ஒன்பதே முக்கால் என்று வைத்தோம். ஒரு தாளுக்கு 9. மாற்றி வெட்டினால் 8-தான் வரும். 300 பத்திரிகை, கெட்டுப்போவதற்கு 30. ஆக 42 தாளுக்குப் பதில் 37. இங்கே திசை பார்க்க வேண்டியதில்லை என்பதால் இந்த மிச்சம் உண்மையான மிச்சம்.

சந்தன நிறத்தில் 250 ஜிஎஸ்எம். ஒரு துளித் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். உடனே உறிஞ்சிவிட்டால் பசை போதவில்லை என்று அர்த்தம். மை பரவி எழுத்து மீசை முளைத்தது போலாகும். துளி சற்று நேரம் முத்தாக நின்றது. வாங்கிவிட்டோம்.

*

அச்சடிப்பது அடுத்த கட்டம். வீட்டுப் பிரிண்டரிலேயே அடித்துவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். 100 ஜிஎஸ்எம் தாளுக்கு முடியும். இந்தத் தடிமன் பல வீட்டுப் பிரிண்டர்களின் உருளைகளில் வளைந்து போகாது. லேசர் என்றால் தூள் மை மேடுபள்ளத்தில் ஒட்டாமல் உதிரும். இங்க்ஜெட் என்றால் ஈரம் பட்டதும் கலைந்துவிடலாம். போதாக்குறைக்குக் கைக் காகிதத்தின் பஞ்சுத் தூசி எந்திரத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆஃப்செட்காரர்களும் அதனாலேயே முகம் சுளிப்பார்கள். கைக் காகிதத்துக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான் பொருத்தம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன் மேல் மை, ரப்பர்ப் பட்டையால் ஒரு இழுப்பு. மை காகிதத்தின் மேல் கெட்டியாக உட்காரும். விரலால் தடவினால் எழுத்து தெரியும்.

நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் ஒரே நிறத்தோடு நிறுத்திக்கொண்டோம். அரக்கு. கைவிட்ட அட்டைக்கு ஒரு மரியாதை.

தொல்லை தமிழில் வந்தது. சந்துக்குள் இருந்த சின்ன அச்சகம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையனுக்குத் தமிழ் தெரியாது. பெண் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய வாசகத்தை எடுத்து ஒட்டினான். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிப் புள்ளியாக வட்டம். கொம்பும் காலும் பிரிந்து, ‘கொ’ என்ற எழுத்து விபத்தில் சிக்கியது போல இருந்தது. அவனுக்கு அது சரியான தமிழ். அவனைக் குறை சொல்ல முடியாது. பழைய மென்பொருளுக்கு யூனிகோட் தமிழை அடுக்கத் தெரியவில்லை.

இதற்கு வழி, எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் உருவமாக அனுப்புவது. தமிழ் சரியாக வரும் கம்ப்யூட்டரில் பக்கத்தை முழுதாக அமைத்து, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டால் யாரும் கலைக்க முடியாது. எழுத்தின் அளவும் முக்கியம். ஸ்கிரீனில் சின்ன எழுத்து போட்டால் ணகரத்தின் சுழிகளும் லூகாரத்தின் வளைவும் மையால் அடைந்துவிடும். நாங்கள் 12 பாயிண்டுக்குக் கீழே போகவில்லை. முதல் படியை எடுத்து, வெளிச்சத்தில் ஓர் எழுத்து விடாமல் படித்த பிறகே மற்றதை இழுக்கச் சொன்னோம்.

*

இனி வாசகம். இதுதான் என் வேலை. இதில்தான் அதிக நேரம் ஆனது.

தமிழ்ப் பத்திரிகையில் மணப்பெண் ‘திருவளர்ச்செல்வி’ அல்லது ‘திருநிறைச்செல்வி’. வீட்டில் இன்னும் கல்யாணம் பாக்கி இருந்தால் வளர், கடைசிக் கல்யாணம் என்றால் நிறை என்பார்கள். ஹிந்தியில் மணமகன் ‘சிரஞ்சீவி’, மணமகள் ‘ஆயுஷ்மதி’ அல்லது ‘சௌபாக்யகாங்க்ஷிணி’. கடைசிச் சொல்லின் பொருள், சுமங்கலித்தன்மையை விரும்புகிறவள் என்பது. அவனுக்கு நீண்ட ஆயுள், அவளுக்கு அவன். இந்தச் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது, என் சிநேகிதி ஏன் தன் பெயரைத் தானே வெட்டினாள் என்பது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. இந்தச் சொற்களில் அவளுக்கு இடம் இல்லை. பல குடும்பங்களில் கணவரை இழந்தவளின் பெயரை அழைப்பவராகப் போடுவதில்லை. தாய்மாமனோ பெரியப்பாவோ அந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் நிற்கிறார்கள். நின்ற பிறகு அவள் மறைந்துபோகிறாள்.

ஹிந்திப் பத்திரிகையில் உறவுக்காரக் குழந்தைகளின் பெயருக்குக் கூட ஒரு மூலை உண்டு. மழலையில் ‘ஜலூல் ஜலூல் ஆனா’ என்று அழைப்பார்கள். ‘கட்டாயம் கட்டாயம் வாங்க’ என்பதன் மழலை. நாலு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம், பெற்று வளர்த்தவளுக்குக் கிடைக்கவில்லை.

இதைச் சிநேகிதியிடம் வாதமாகச் சொல்லவில்லை. மூன்று மாதிரி எழுதிக் காட்டினேன். முதலாவதில் மாமா மட்டும். இரண்டாவதில் மாமா பெயரின் கீழே சின்னதாக அவள் பெயர். மூன்றாவதில் அவள் பெயர் முதலில், அமரர் என்ற சொல்லோடு கணவர் பெயர், அடுத்த வரியில் ‘எங்களோடு சேர்ந்து அழைப்பவர்கள்’ என்று மாமாவும் மாமியும்.

அவள் மூன்றாவதை நெடுநேரம் பார்த்தாள். "இவர் பேர் இருக்கே" என்றாள்.

"இருக்கும். மாமா பெயரில் அழைத்தால், அவர் பெயர் எந்த இடத்தில் வரும், சொல்லு."

அவள் அதை யோசித்திருக்கவில்லை. தன்னை நீக்கினால் அவரும் நீங்கிவிடுவார் என்பது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. "அண்ணா ஏதாவது நினைச்சுப்பாரா?" என்றாள். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

*

அச்சாகி, ஒரு ராத்திரி முழுக்கக் கொடியில் காய்ந்து, 330 அட்டைகளும் வீட்டுக்கு வந்தன. மடிப்பு மட்டும் பாக்கி.

வெறும் கையால் மடித்தால் எந்த அட்டையும் சீராக மடியாது. முதலில் கோடு போட வேண்டும். சில அச்சகங்களில் பழைய டிரெடில் எந்திரம் இப்போது இந்தக் கோடு போடும் வேலைக்குத்தான் ஓடுகிறது. நாங்கள் கையால் போட்டோம். இரும்பு ஸ்கேல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, அடியில் பழைய பத்திரிகை இரண்டு. அளவு பார்க்க ஓர் அட்டையை மாதிரியாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் அளக்க வேண்டாம். பேனாவை அழுத்தி ஒரு முறை, அதே தடத்தில் இன்னொரு முறை. காகிதம் அறுபடக் கூடாது. பள்ளம் விழ வேண்டும்.

பலர் தவறு செய்வது இதற்குப் பிறகுதான். பள்ளம் விழுந்த பக்கமாக உள்ளே மடிக்கத்தான் கை போகும். மாறாக, பள்ளம் வெளியே இருக்க, பின்னால் புடைத்த பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். அப்போதுதான் இழை முறியாமல் மடிப்பு உருண்டையாக உட்காரும். ஆகவே கோடு போடுவது அட்டையின் வெளிப்பக்கத்தில். மடித்த பிறகு நகத்தால் தேய்க்காதீர்கள், காகிதம் பளபளத்துப்போகும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மூங்கில் பட்டையாலோ கரண்டியின் முதுகாலோ ஒரே இழுப்பாக இழுத்தால் போதும். இருபது இருபதாக அடுக்கி, கனமான அகராதிக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தோம். என்னிடம் அகராதிகளுக்குப் பஞ்சமில்லை.

நாங்கள் இருவரும் கோடு போட, மடிக்க உட்கார்ந்தவள் சிநேகிதி. ஆபீஸில் வருஷக்கணக்காக ஃபைல் மடித்த கை. ஓரத்தோடு ஓரம் ஒரு நூல் பிசகாமல் வந்தது. முதலில் உள்பக்கத்தைப் பார்க்காமல்தான் மடித்துக்கொண்டிருந்தாள். நூறு தாண்டியிருக்கும். ஓர் அட்டையைத் திறந்து, தன் பெயர் மேல் விரலை வைத்துத் தடவினாள். மை மேடாக இருந்தது.

"இனிஷியல் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

நாலு மூலையிலும் மஞ்சள் வைத்ததும் அவள்தான். இதிலும் ஒரு சூட்சுமம். தண்ணீராகக் குழைத்தால் கைக் காகிதம் உறிஞ்சிப் பெரிய கறையாக்கிவிடும். கெட்டியாகக் குழைத்து விரல் நுனியால் தொட்டு வைக்க வேண்டும். முதல் பத்தை என்னிடம் நீட்டி, "நீ வை" என்றாள். நான் வாங்கவில்லை. "உன் வீட்டுக் கல்யாணம். நீயே வை" என்றேன். வைத்தாள்.

தபாலில் போக வேண்டியவை போயின. திருச்சி மாமாவுக்கு மட்டும் ஸ்பீட் போஸ்ட். 2025-ல் பதிவுத் தபாலும் அதிலேயே சேர்ந்துவிட்டது. அடுத்த நான்கு நாள் என் சிநேகிதி போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

ஐந்தாம் நாள் அவர் பேசினார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்திருக்க வேண்டும். "பத்திரிகை வந்துது. நல்ல காகிதம். எங்கே வாங்கினீங்க?" என்றார். சாங்கானேர் என்றாள் பெண். "ம்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இங்கே கொடுக்கறதுக்கு ஒரு இருபது போறாது. இன்னும் இருபது அனுப்பு" என்றார்.

கெட்டுப்போவதற்கு என்று எடுத்து வைத்த முப்பதில் ஒன்பதுதான் கெட்டிருந்தது. மீதி 21. இருபது திருச்சிக்குப் போயின. மிச்சம் ஒன்று என் மேஜையில் இருக்கிறது. மடிப்பு இன்னும் விரியவில்லை.